லோஃப்ரான்ஸ் டிக்ரெஸ் விண்ட்லாஸ்: லங்காவியில் ஒரு பாய்மரப் படகில் பொருத்திப் பார்த்தபின்

படகின் முன்முனையான அணியத்தில் நின்று நங்கூரச் சங்கிலியை இழுத்தேற்றும் மின்பொறியை விண்ட்லாஸ் என்கிறோம். இத்தாலிய நிறுவனமான லோஃப்ரான்ஸ் நெடுங்காலமாகச் செய்துவரும் டிக்ரெஸ் என்னும் கிடைமட்ட விண்ட்லாஸை, மலேசியாவின் லங்காவித் தீவில் நிறுத்தப்பட்டுள்ள எங்கள் 12 மீட்டர் பாய்மரப் படகில் பொருத்தி, ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தியபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பொறி நல்ல பொறி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தப் பொறியை வாங்குவது என்று விலைப்பட்டியல்களை மாதக்கணக்கில் புரட்டும் படகுக்காரர்கள், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிளையும், அதன் பல்லில் அமரும் சங்கிலியையும், அந்தச் சங்கிலி விழும் அறையையும் பற்றி ஒரு மாலைப்பொழுதுகூடச் சிந்திப்பதில்லை. பணமும் உழைப்பும் உண்மையில் அங்கேதான் செலவாகின்றன என்பதால், இம்மதிப்பீட்டின் பெரும்பகுதியும் அங்கேதான் செல்லும்.

முதலில் தேவையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். லங்காவியைச் சுற்றியுள்ள நங்கூரத் துறைகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை, அடியில் சேறு. அமாவாசை, பௌர்ணமி எனும் உவா நாள்களை ஒட்டி ஏற்றவற்றம் இரண்டு முதல் மூன்று மீட்டர் வரை வேறுபடும். நீர் வற்றியிருக்கும்போது 5 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நங்கூரமிட்டால், ஏற்றத்திற்கு 3 மீட்டரும், நீர்மட்டத்திலிருந்து, சங்கிலி வெளியே இறங்கும் அணிய உருளை வரையுள்ள 1.2 மீட்டரும் சேர்த்து 9.2 மீட்டர் என்று கணக்கிட வேண்டும். அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது பொதுவான வழக்கம் என்பதால், 46 மீட்டர் வேண்டும். காற்று வலுக்கும்போது இன்னும் கொஞ்சம் விடுவதற்கு இருப்பு வேண்டுமென்று 60 மீட்டர் சங்கிலி வைத்திருக்கிறோம். இந்த நீளத்தைக் கையால் இழுத்தேற்றுவது இளைஞர்களால் முடியக்கூடியதே. ஆனால் விடியற்காலையில் நங்கூரம் நழுவி, எடுத்து மீண்டும் போட்டு, அதுவும் பிடிக்காமல் மறுபடி எடுக்க நேரும்போதுதான் பொறியின் அருமை தெரியும்.

இனி பொறி தூக்கும் சுமையைப் பார்க்கலாம். 8 மி.மீ. சங்கிலி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. அமைதியான நீரில், படகு நங்கூரத்திற்கு நேர்மேலே வந்துவிட்ட நிலையில், பொறியின் மேல் தொங்குவது 9.2 மீட்டர் சங்கிலியும் 20 கிலோ நங்கூரமும்தான். மொத்தம் 33 கிலோ. மீதமுள்ள சங்கிலியெல்லாம் அடியில் படுத்தே கிடக்கும். இழுபட்டு ஆழ்கடல் பக்கம் போய்விட்ட படகில் 60 மீட்டரும் நங்கூரமும் நேராகத் தொங்கினால் 104 கிலோ. இதுதான் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மிகப்பெரிய எடை. இந்த மொத்த எடையைப்போல் மூன்று மடங்கு இழுவிசையுள்ள பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நடைமுறை விதியின்படி எங்களுக்கு 312 கிலோ போதும். டிக்ரெஸின் திறன் இதற்கு இரு மடங்குக்கும் மேல். வேறுவிதமாகச் சொன்னால், 104 கிலோவை நிமிடத்திற்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஏற்றத் தேவைப்படும் தூய ஆற்றல் 170 வாட் மட்டுமே. எங்களுடையது 1000 வாட் மோட்டார். உராய்வுக்கும் பற்சக்கர இழப்புக்கும் எவ்வளவு ஒதுக்கினாலும் மிச்சம் இருக்கும்.

அப்படியிருந்தும் விண்ட்லாஸ்கள் கருகுகின்றன. காரணம், பலர் அதைக்கொண்டு படகையே நங்கூரத்தை நோக்கி இழுக்கிறார்கள். எதிர்க்காற்றில் ஒன்பது பத்து டன் படகை இழுப்பதும், சேற்றில் புதைந்த நங்கூரத்தைப் பொறியின் பலத்தால் மட்டும் பிடுங்குவதும் எந்த நிறுவனத்தின் பொறிக்கும் உரிய வேலையல்ல. எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓட்டி, சங்கிலி தளர்ந்து தொங்கியபின் பொறியை இயக்கி, நேர்மேலே வந்ததும் சங்கிலியைக் கொக்கியில் மாட்டிப் படகின் எடையால் நங்கூரத்தைக் கிளப்பி, அதன்பின் மீதியை ஏற்றுவதே முறை. சுக்கான் பக்கம் ஒருவரும் அணியத்தில் ஒருவருமாகக் கைச்சைகைகளால் பேசிக்கொண்டு இதைச் செய்யும் இணையர், பொறியைப் பல்லாண்டு காப்பாற்றுவார்கள்.

பொறியின் சுழல்தண்டு கிடைமட்டமா, செங்குத்தா என்ற கேள்வியில் நான் கிடைமட்டத்தின் பக்கம் நின்றேன். ஆனால் அது எல்லோருக்கும் சரியான முடிவல்ல. செங்குத்து வகையில் சங்கிலி ஜிப்சி எனப்படும் குழிச்சக்கரத்தை ஏறத்தாழ அரைவட்டம், அதாவது 180 பாகை, சுற்றிச் சென்று அறைக்குள் இறங்குவதால் பிடிமானம் உறுதியாக இருக்கும். டிக்ரெஸ் போன்ற கிடைமட்ட வகையில் சங்கிலி மேலே ஏறி நேராகக் கீழே விழுவதால் தொடும் வளைவு 90 பாகை மட்டுமே. சங்கிலி அளவு பொருந்தாவிட்டால் வழுக்குவது இதில்தான் முதலில் தெரியும். மறுபுறம், செங்குத்து வகையின் மோட்டார் மேல்தளத்திற்கு அடியில், ஈரச் சங்கிலி கிடக்கும் அறையின் உப்புக்காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பழுதுபார்க்க அந்த அறைக்குள் தலைகீழாக நுழைய வேண்டும். டிக்ரெஸில் மோட்டார், எண்ணெயில் மூழ்கிய பற்சக்கரங்கள், ஜிப்சி, கயிறு இழுக்கும் உருளை என எல்லாமே மேல்தளத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. வெயிலும் அலையும் நேரடியாகப் படும் என்பது அதன் விலை. கயிறும் சங்கிலியும் இணைந்த நங்கூரத் தொடர் வைத்திருப்பவர்களுக்கு மேக்ஸ்வெல்லின் ஆர்.சி. வரிசை போன்ற செங்குத்துப் பொறிகளே ஏற்றவை. அவற்றின் சக்கரம் இரண்டையும் தானாகவே மாற்றி ஏற்றிக்கொள்ளும். டிக்ரெஸில் கயிறு வந்ததும் அதைக் கையால் எடுத்து மறுபக்க உருளையில் சுற்றி இழுக்க வேண்டியிருக்கும். எங்கள் தொடர் முழுவதும் சங்கிலியே என்பதால் இந்தக் குறை எங்களைத் தொடவில்லை. மாறாக, அந்த உருளை மிகவும் பயன்பட்டது. பாய்க்கம்பத்தின் மேல் ஆளை ஏற்றுவதற்குக்கூட அதைப் பயன்படுத்துவோர் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னை இந்தப் பொறியின் பக்கம் இழுத்தது கைமுறை இயக்கம். மின்சாரம் அற்றுப்போனால் உடன்வரும் நெம்புகோலைச் செருகி முன்னும் பின்னும் ஆட்டிச் சங்கிலியை ஏற்றலாம். இது மிக மெதுவான வேலை. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் சில கண்ணிகளே ஏறும். 46 மீட்டரையும் இப்படி ஏற்றுவது தண்டனை. ஆனாலும் கடைசி 10 மீட்டரை, அதாவது தொங்கும் பகுதியை, ஒருவரால் இப்படி ஏற்றிவிட முடியும் என்பதே தேவையான உறுதி. அதே நெம்புகோலால் ஜிப்சியை மோட்டாரோடு பிணைக்கும் கூம்புக் கிளட்சைத் தளர்த்தினால் ஜிப்சி தன்னிச்சையாகச் சுழலும். மோட்டாரின் வேகத்திற்குக் காத்திராமல் நங்கூரத்தை விரைவாக இறக்க இதுவே வழி. தளர்த்தும் அளவைக் கை பழகிக்கொள்ளும்வரை மெல்ல மெல்லத் திருகுவது நல்லது. முழுதாகத் திறந்துவிட்டால் சங்கிலி கட்டுப்பாடின்றிப் பாயும். அப்போது விரலோ ஆடையின் நுனியோ அருகில் இருக்கக் கூடாது.

சங்கிலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முந்தைய உரிமையாளர் 10 மி.மீ. சங்கிலி 60 மீட்டர் வைத்திருந்தார். ஒரு மீட்டருக்கு 2.3 கிலோ என்ற கணக்கில் அதன் எடை ஏறத்தாழ 138 கிலோ. 8 மி.மீ. சங்கிலிக்கு மாறியதில் 54 கிலோ அணியத்திலிருந்து இறங்கியது. அலைகளில் படகு மூக்கைக் குத்துவது கண்கூடாகக் குறைந்தது. வலிமை குறையாதா என்று கேட்பார்கள். தரம் 30 எனப்படும் சாதாரண எஃகில் 10 மி.மீ. சங்கிலி ஏறத்தாழ 5 டன் விசையில் அறும். தரம் 40 எஃகில் 8 மி.மீ. சங்கிலி ஏறத்தாழ 4 டன்னில் அறும். எங்கள் அளவுப் படகுக்கு இந்த வேறுபாட்டை நான் ஏற்றுக்கொண்டேன். தரம் 70 வாங்கினால் அதே 8 மி.மீ. 10 மி.மீ.யை விஞ்சிவிடும்; ஆனால் அது வெப்பப்பதம் செய்து வலுவூட்டப்பட்டது. துத்தநாகப் பூச்சு தேய்ந்தபின் மீண்டும் உருகிய துத்தநாகத்தில் முக்கும்போது, 450 பாகை செல்சியஸ் அளவிலான அந்தச் சூடு அதன் பதத்தைக் கெடுக்கக்கூடும். லங்காவிச் சேறு பூச்சை விரைவாகத் தின்னும் என்பதால், மறுபூச்சுக்கு அஞ்சாமல் அனுப்பக்கூடிய தரம் 40 எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

கண்ணியின் தடிமனைவிட முக்கியமானது அதன் உள்நீளம். 10 மி.மீ. சங்கிலியில் டின் 766 என்னும் ஜெர்மானியத் தரத்தில் உள்நீளம் 28 மி.மீ.; ஐ.எஸ்.ஓ. 4565 என்னும் பன்னாட்டுத் தரத்தில் 30 மி.மீ. கண்ணிக்கு 2 மி.மீ. என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஜிப்சியில் மூன்று நான்கு கண்ணிகள் ஒருசேர அமரும்போது அது 6 முதல் 8 மி.மீ. வரை கூடிவிடும், சங்கிலி குழியிலிருந்து எகிறும். 8 மி.மீ. அளவில் இரு தரத்திற்கும் உள்நீளம் 24 மி.மீ. என்பதால் இந்தக் குழப்பம் இல்லை, 8 மி.மீ.யைத் தேர்ந்தெடுக்க எனக்கு இது இன்னொரு காரணம். அமெரிக்க அங்குல அளவுச் சங்கிலிக்குத் தனி ஜிப்சி வேண்டும். பழைய சங்கிலியை வைத்துக்கொண்டு புதுப் பொறி வாங்குவோர், ஒரு முழம் சங்கிலியை வெட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று ஜிப்சியில் அமர்த்திப் பார்த்து வாங்குவதே நலம்.

மின்சாரத்திற்கு வருவோம். 12 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 83 ஆம்பியர். சுமை ஏறும்போது 100 ஆம்பியரைத் தாண்டும். எங்கள் பேட்டரிகள் படகின் நடுவிற்குப் பின்னால், படிக்கட்டின் அடியில் உள்ளன. அங்கிருந்து கேபிள் வளைந்து வளைந்து அணியம் சேர 12 மீட்டர், திரும்பி வர 12 மீட்டர். கணக்கில் 24 மீட்டர் செம்பு. 100 ஆம்பியர் ஓடும்போது 35 சதுர மி.மீ. கேபிளில் 1.2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 50 சதுர மி.மீ. கேபிளில் 0.84; 70 சதுர மி.மீ. கேபிளில் 0.6. பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் மெல்லிய கேபிள் போட்டவரின் மோட்டாருக்கு 10.8 வோல்ட்தான் கிடைக்கும். ஒரே சுமைக்கு மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய மாறாது, வேகம்தான் குறையும். வேகம் குறைந்தால் கூடுதல் நேரம் ஓட வேண்டும், கூடுதல் நேரம் ஓடினால் சூடேறும். பொறி பலவீனமானது என்று பலர் குறைசொல்வதன் வேர் பெரும்பாலும் இந்தக் கேபிளில்தான் இருக்கிறது.

நாங்கள் வெள்ளீயம் பூசிய 70 சதுர மி.மீ. செம்புக் கேபிளைப் போட்டோம். தீவில் இந்த வேலையை ஏற்ற பட்டறையொன்று 35 போதும் என்று வற்புறுத்தியது; மறுத்தபின், தடித்த கேபிளின் முனைகளில் செப்புக் காதுகளைச் சரியான அழுத்துக்கருவி இல்லாமல் சுத்தியலால் நசுக்கிப் பொருத்தியிருந்தது. மோட்டார் ஓடும்போது இணைப்பைத் தொட்டுப் பார்த்தாலே சூடு தெரிந்தது. முனைகள் அனைத்தையும் வெட்டி, நீரியல் அழுத்துக்கருவியால் மீண்டும் பொருத்தி, பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டியிருந்தது. வேலை முடிந்தபின் காசு கொடுக்குமுன், சுமையோடு ஓடும் மோட்டாரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டைப் படித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. எந்தப் பட்டறையும் தானாகச் செய்து காட்டாது.

அணியத்திலேயே தனிப் பேட்டரி வைத்தால் கேபிள் செலவு மிச்சம் என்பது இன்னொரு கட்சி. 46 மீட்டரை நிமிடத்திற்குப் பத்து மீட்டர் வீதம் ஏற்றினால் ஐந்து நிமிடத்திற்குள் முடியும். 100 ஆம்பியரில்கூட எட்டு ஆம்பியர்-மணிக்கு மேல் செலவாகாது, அதுவும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது. இத்தனை சிறு செலவுக்காக இருபது முப்பது கிலோ எடையை மீண்டும் அணியத்தில் ஏற்றி, அதற்கொரு சார்ஜிங் ஏற்பாடும் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. படகு 15 மீட்டரைத் தாண்டினால் கணக்கு மாறலாம். பேட்டரிக்கு அருகிலேயே சர்க்யூட் பிரேக்கர் வைத்திருக்கிறோம். நங்கூர வேலை இல்லாத நேரத்தில் அதை அணைத்தே வைக்கிறோம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள சாலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் பொறி தானாக ஓடத் தொடங்கும். அந்நேரத்தில் அணைக்கும் இடம் எது என்று படகில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொறியை இயக்கும் கால் பொத்தான்களுக்கு மூடி கட்டாயம். கம்பியில்லா ரிமோட் வசதியானது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியவை இரண்டே. எங்கள் மேல்தளம் இரு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரம் வைத்தது. போல்ட்டுத் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, மரத்தைச் சுரண்டி, எப்பாக்ஸியால் நிரப்பி, மீண்டும் உரிய அளவில் துளைத்தோம். இல்லையென்றால் நீர் இறங்கி மரம் அழுகும். அடியில் கடல்நீர் தாங்கும் தடித்த ஒட்டுப்பலகையும் அதன்கீழ் உலோகத் தகடும் விசையைப் பரப்புகின்றன. அலுமினிய உடலும் துருவேறா எஃகுப் போல்ட்டும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டால், எந்த நிறுவனப் பொறியானாலும், அலுமினியம் அரிக்கும். இடையே காப்புப் பசையும் அடியில் ரப்பர்த் தகடும் வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் யோசித்தோம். கிடைமட்டப் பொறியில் சங்கிலி ஜிப்சிக்கு நேர்கீழே விழும். அந்த இடத்தில் அறை ஆழமில்லாவிட்டால் சங்கிலி கூம்பாகக் குவிந்து, தான் இறங்கும் குழாயை அடைத்துக்கொள்ளும். முழுச் சங்கிலியும் உள்ளே வந்தபின்னும் குழாயின் வாய்க்கும் குவியலின் உச்சிக்கும் இடையே ஒரு முப்பது சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். எங்கள் அணியம் கூர்மையானது, முனையில் அறை ஆழம் குறைவு. ஆகவே பொறியை முனையிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்தள்ளி வைத்தோம். அறை அங்கே ஆழமானது. எடையும் பின்னே போனது. அணிய உருளையிலிருந்து ஜிப்சி வரை சங்கிலி ஒரே நேர்கோட்டில் செல்வதற்காகப் பொறியின் அடியில் மரப்பீடம் வைத்து உயர்த்தினோம். தளர்ந்த சங்கிலி உரசும் இடத்தில் துருவேறா எஃகுத் தகடு பதித்தோம். சங்கிலியின் கடைசிக் கண்ணியை அறைக்குள் ஷேக்கிள் என்னும் உலோகப் பூட்டுவளையத்தால் பூட்டாமல், மேல்தளம் வரை எட்டும் நீளமான கயிற்றால் கட்டியிருக்கிறோம். தப்பியோட வேண்டிய நேரத்தில் கத்தியால் அறுக்கலாம்.

நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்க ஸ்விவல் என்னும் சுழல் இணைப்பைப் போடவில்லை. பக்கவாட்டு இழுவையில் அது வளையக்கூடியது. நல்ல ஷேக்கிளும் அதன் ஆணியைக் கட்டிய கம்பியும் போதும்.

படகு நின்றிருக்கும்போது அதைப் பிடித்திருப்பது விண்ட்லாஸ் அல்ல. மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவத்திலும் பருவமாற்றக் காலங்களிலும் சுமத்ராஸ் எனப்படும் சூறைக்காற்று வரிசை மேற்கிலிருந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன், வந்து மோதும். சில நிமிடங்களில் காற்று பலமடங்காகும். சங்கிலி நாணாக இறுகும். அந்த உதறலை ஜிப்சி தாங்கினால் பற்சக்கரத்தின் அச்சு வளையும். சங்கிலியில் கொக்கியால் மாட்டி அணியக் கட்டைகளில் கட்டிய எட்டுப் பத்து மீட்டர் முறுக்கு நைலான் கயிறு நீண்டு கொடுத்து உதறலை விழுங்குகிறது. ஸ்னப்பர் என்று அதைச் சொல்வர். கூடவே ஒரு சங்கிலி நிறுத்தியும் மேல்தளத்தில் பதித்திருக்கிறோம். இவ்விரண்டும் இல்லாமல் டிக்ரெஸையோ வேறெதையுமோ வாங்குவது பயனற்றது என்பது என் கருத்து.

இந்தக் கடலுக்கென்றே ஒரு கூடுதல் செலவு உண்டு. சேறு பசைபோல் ஒட்டி வரும்; ஜிப்சியின் குழிகளை அடைத்தால் சங்கிலி வழுக்கும், அறைக்குள் போனால் நாறும். கடல்நீரைப் பீய்ச்சும் ஒரு பம்பையும் குழாயையும் அணியத்தில் வைத்து, ஒருவர் பொறியை இயக்க மற்றவர் சங்கிலியைக் கழுவி ஏற்றுகிறோம். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் பொறியையும் சங்கிலியையும் இங்கே தருவிப்பது பக்கத்து நாடுகளைவிட எளிது. மேல்தள வேலைக்குப் படகைக் கரையேற்ற வேண்டியதுமில்லை.

பொறியின் குறைகளாக நான் காண்பவை அதன் வடிவத்திலேயே உள்ளவை. உயரமானது; முன்பாயின் கயிறு அதில் சிக்கும். குறுகிய அணியமுள்ள படகில் நடக்க இடம் விடாது. இருண்ட அணியத்தில் கால்விரலை இடித்துக்கொள்வதும் நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கிளட்சின் கூம்புகளைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூச வேண்டும், எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் பாலாக வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சங்கிலி எண்ணும் கருவியை இன்னும் வாங்கவில்லை. பத்து மீட்டருக்கு ஒரு நிறமாகப் பூசிய சாயம் இப்போதைக்குப் போதுமாக இருக்கிறது, அதுவும் சேற்றில் தேய்ந்து ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்க வேண்டியதாகிறது.